மாப்பிள்ளை விசாவா, வேலை விசாவா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கல்வி உதவிக்கு மனு கொடுக்க வரும் பெற்றோர், மனுவைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாமல், தயங்கித் தயங்கி இன்னொரு விஷயத்தையும் எங்களிடம் கேட்கிறார்கள். "பெண் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டாள். லண்டனிலிருந்து ஒரு வரன் வருகிறது. கட்டிக் கொடுத்தால் அவரோடு போய்விடுவாள். அல்லது பரீட்சை எழுதி வேலைக்கென்றே போகட்டுமா? எது நல்லது?" பைல் நாட்டிலும் செம்மேட்டிலும் கடை வைத்திருக்கும் குடும்பங்களும் இதைக் கேட்கின்றன, கீழே சேந்தமங்கலம், இராசிபுரம் பக்கம் இருக்கும் நம் உறவினர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறோம்.

இரண்டையும் 'விசா' என்ற ஒரே சொல்லால் பேசிவிடுகிறோம். ஆனால் வேலை விசாவில், அந்த நாட்டில் தங்கும் உரிமை ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மாப்பிள்ளை விசாவில் அது கணவனின் கையில் இருக்கிறது. என்றைக்காவது அந்தக் கை விலகினால் நம் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சம்பளம், வீடு, ஊரின் பெயர் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

"மாப்பிள்ளை லண்டன்" என்றால் என்ன?

தரகர் "மாப்பிள்ளை லண்டன்" என்று சொன்னதும் பாதிப் பேச்சு முடிந்துவிடுகிறது. சந்தையில் மிளகு வாங்கும்போது கையில் அள்ளி, ஊதிப் பார்த்து, நாலு மணியைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். பெண்ணைக் கொடுக்கும் இடத்தில் அந்த அளவாவது பார்க்க வேண்டாமா? பிரிட்டனில் இருக்கும் மாப்பிள்ளை எந்த விசாவில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடுகிறது.

அவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ, நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவராகவோ இருந்தால் மனைவியைக் குடும்ப விசாவில் அழைக்கலாம். வேலை விசாவில் இருப்பவரானால் மனைவி அவருடைய 'டிபென்டன்ட்'. அதாவது பெண்ணின் விசா மாப்பிள்ளையைச் சார்ந்தது, மாப்பிள்ளையின் விசா கம்பெனியைச் சார்ந்தது. கம்பெனி கைவிட்டால் இருவரும் சேர்ந்து பெட்டி கட்ட வேண்டும்.

மூன்றாவது வகையில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எம்.எஸ்ஸி., எம்.பி.ஏ. போன்ற வகுப்புப் படிப்புக்குப் போயிருக்கும் மாணவர், 2024 ஜனவரி முதல் தொடங்கிய படிப்பானால், மனைவியை அழைக்க முடியாது. ஆராய்ச்சிப் படிப்பில் இருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. படிப்பு முடித்து அங்கேயே வேலை தேட அவகாசம் தரும் 'கிராஜுவேட்' விசாவிலும், ஏற்கெனவே டிபென்டன்டாக உடன் இருந்த மனைவி தொடரலாமே தவிர, புதிதாக நிகாஹ் செய்த மனைவியை ஊரிலிருந்து வரவழைக்க வழியில்லை. முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2024 மார்ச் 11க்குப் பிறகு போனவர்களும் குடும்பத்தை அழைக்க முடியாது.

எங்களிடம் வந்த ஒரு அத்தாவின் மகளுக்கு நிகாஹ் முடிந்து ஓராண்டுக்கு மேலாகிறது. மாப்பிள்ளை கிராஜுவேட் விசாவில் இருக்கிறார். ஸ்பான்சர் செய்யும் கம்பெனி கிடைத்தால் அழைத்துக்கொள்வேன் என்கிறார். பெண் இன்னும் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி வேலையையும் "எப்படியும் போகப் போகிறாயே" என்று சொல்லி விடச் செய்துவிட்டார்கள். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் "லண்டனில் இருக்கிறார்" என்றார்கள், இருக்கிறார். எந்த விசாவில் என்று பெண் வீட்டார் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டார்கள்.

அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இப்போது பிரிட்டனில் விசா நிலை மின்னணு முறையில் இருக்கிறது. மாப்பிள்ளை நினைத்தால் ஒரு குறியீட்டைத் தந்து, நாமே அதைப் பார்க்கும்படி செய்யலாம். காட்டத் தயங்குகிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

குடும்ப விசாவின் கணக்கு

மாப்பிள்ளை குடிமகனே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நிகாஹ் முடிந்த மறுமாதம் விமானம் ஏறிவிட முடியாது. 2024 ஏப்ரல் 11 முதல், மனைவியை அழைப்பவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும். அதற்கு முன் 18,600 ஆக இருந்தது. இன்றைய மதிப்பில் 30 லட்சம் ரூபாய்க்கு மேல். பெண் இங்கே வாங்கும் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. சாதாரணமாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை பார்த்த சம்பளச் சீட்டும், அந்தப் பணம் வங்கியில் வரவான கணக்கும் காட்ட வேண்டும். வருமானம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு தேவை. கடைக்காரரிடமோ ஹோட்டலிலோ பாதிச் சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குகிறவர் எவ்வளவு சம்பாதித்தாலும் இந்தக் கணக்கில் தேற மாட்டார்.

2025 ஏப்ரல் நிலவரப்படி விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்டு. மருத்துவச் சேவைக்கான கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம், முதல் விசாவுக்கு 3,105 பவுண்டு. விசா முதலில் 33 மாதத்திற்குத் தருகிறார்கள். பிறகு மீண்டும் கட்டணம் கட்டி 30 மாதம் நீட்டிக்க வேண்டும். ஐந்தாண்டு முடிந்த பிறகே நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். இந்தச் செலவு யாருடையது என்று நிகாஹுக்கு முன்பே பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டு, பிறகு "விசாச் செலவு" என்ற பெயரில் பெண் வீட்டாரிடம் கேட்கப்படும் பணத்துக்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பதும் விதி. போனில் பார்த்து, போனிலேயே நிகாஹை முடித்துவிட்டு விண்ணப்பித்தால் அங்கேயே சிக்கும். ஆங்கிலத்தில் ஏ1 என்னும் ஆரம்ப நிலைத் தேர்வு போதும். நர்சிங் படித்த பெண்ணுக்கு அது பெரிதல்ல.

இந்த வழியின் நன்மையையும் சொல்ல வேண்டும். குடிமகனின் மனைவியாகப் போகும் பெண் எந்த வேலையிலும் சேரலாம். எந்தக் கம்பெனியும் அவளை ஸ்பான்சர் செய்ய வேண்டியதில்லை. 2025 மே மாதம் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, வேலை வழியாக வந்தவர்கள் நிரந்தர அனுமதிக்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும் என்று முன்மொழிந்தபோது, குடிமக்களின் கணவன் மனைவிக்கு ஐந்தாண்டு என்பதை மாற்றாமல் விட்டது. நல்ல மாப்பிள்ளை, நேரான காகிதம் என்றால் இது நல்ல வழிதான்.

வேலை வழி

நர்சிங் படித்த பெண்ணுக்கு வேலை வழி எப்படி என்று பார்ப்போம். அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் என்ற அமைப்பின் அனுமதி வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 6.5, மற்றப் பகுதிகளுக்கு 7 மதிப்பெண் தேவை. அதற்குப் பதிலாக மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வையும் எழுதலாம். பிறகு கணினித் தேர்வு ஒன்று, அதை இந்தியாவிலேயே எழுதலாம். கடைசியாக, 'ஆஸ்கி' என்னும் செய்முறைத் தேர்வு அங்கே போய். ஆங்கிலத்தில்தான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். பேசுவதில் அல்ல, எழுதுவதில். ஆறு மாதம் உட்கார்ந்து படித்தால் வரக்கூடியதுதான்.

தேர்வானால் கிடைப்பது மருத்துவ, பராமரிப்புப் பணியாளர் விசா. அதற்குக் கட்டணம் குறைவு, மருத்துவச் சேவைக் கட்டணம் கிடையாது. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் பதிவு பெற்ற புதிய நர்ஸின் தொடக்கச் சம்பளம் 2025-26இல் 31,049 பவுண்டு. மாப்பிள்ளையிடம் சட்டம் எதிர்பார்க்கும் 29,000 பவுண்டைவிட அது அதிகம் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நர்ஸ் தன் கணவரை டிபென்டன்டாக உடன் அழைத்துப் போகலாம். அவர் அங்கே வேலையும் பார்க்கலாம். பெண்ணைத் தனியே அனுப்ப மஹ்ரம் இல்லையே என்று தயங்கும் குடும்பங்கள் பல. அந்தத் தயக்கம் நியாயமானது. பெண் தனியே பயணம் செய்வது, தனியே தங்குவது பற்றி உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அதற்கு நாங்கள் ஃபத்வா தர முடியாது. ஆனால் 'தனியே போக வேண்டும், அல்லது லண்டன் மாப்பிள்ளையைக் கட்ட வேண்டும்' என்ற இரண்டு வழிதான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரிலேயே, நமக்குத் தெரிந்த குடும்பத்தில், தீனும் குணமும் உள்ள பையனுக்கு நிகாஹ் செய்து, பெண்ணின் விசாவில் இருவரும் போவது மூன்றாவது வழி. மனைவியின் விசாவில் கணவன் போவதா என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகப் பொருளை எடுத்துக்கொண்டு ஷாம் தேசம் சென்றவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அதற்கு மேல் இதில் சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை.

வேலை வழியின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. நர்ஸ் வேலையும் 'கேர் ஒர்க்கர்' என்ற பராமரிப்பு வேலையும் ஒன்றல்ல. பராமரிப்பு வேலைக்கென்று 2022, 2023ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து ஏராளமானோர் பல லட்சம் கொடுத்துப் போனார்கள். போய் இறங்கினால், வேலையே இல்லாத கம்பெனிகள். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தைப் பிரிட்டன் அரசு ரத்து செய்தது. அவற்றோடு தொடர்புடைய பணியாளர்கள் 39,000க்கும் மேல். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணிக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இப்போதும் ஒருவர் "கேர் ஒர்க்கர் விசா வாங்கித் தருகிறேன்" என்று ஊருக்குள் வந்தால், கதவைச் சாத்திவிடலாம்.

வேலை தேடுகிறவரிடம் வேலை வாங்கித் தந்ததற்காகப் பணம் வாங்குவது பிரிட்டிஷ் சட்டப்படி குற்றம். ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அந்த அரசே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரைத் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அங்கே பெயர் இருப்பதால் மட்டும் நல்ல நிறுவனம் ஆகிவிடாது. ஆனால் பெயர் இல்லையென்றால் பேச்சே தேவையில்லை. நம் மாநிலத்தில் 1978 முதல் இயங்கும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நர்ஸ்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அது.

கை விலகும் நாள்

வேலை வழியில் போனவரின் வேலை போய்விட்டால், அல்லது நிறுவனத்தின் உரிமம் ரத்தானால், வழக்கமாக 60 நாள் தருகிறார்கள். அதற்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும். குடும்ப விசாவில் போனவரின் மண வாழ்க்கை முறிந்தாலும் தகவல் உள்துறைக்குப் போய், பெரும்பாலும் அதே 60 நாள்தான்.

நாள் ஒன்றே என்றாலும் நிலைமை ஒன்றல்ல. பதிவு பெற்ற நர்ஸ் 60 நாளில் வேறொரு மருத்துவமனையைத் தேடலாம். அவள் கையில் தொழில் இருக்கிறது, சொந்தச் சம்பளக் கணக்கு இருக்கிறது, சேர்ந்து வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கணவனை நம்பி மட்டும் போன பெண்ணுக்கு அந்த 60 நாளில் தங்க இடம் தேட வேண்டும், பேச ஆள் தேட வேண்டும், சில வீடுகளில் சொந்த பாஸ்போர்ட்டையே தேட வேண்டியிருக்கும்.

கொடுமை நடக்கும் வீடானால் இன்னொரு வேறுபாடு உண்டு. இதைப் பெண்களே நேரடியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கணவன் குடிமகனாகவோ நிரந்தர அனுமதி பெற்றவராகவோ இருந்து, அவர் செய்த கொடுமையால் திருமணம் முறிந்தால், அந்தப் பெண் ஐந்தாண்டு காத்திருக்காமல் தனக்கென நிரந்தர அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அதுவரை செலவுக்கு உதவி கிடைக்க மூன்று மாத இடைக்கால அனுமதியும் உண்டு. கணவன் வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ இருப்பவரானால், 2024 முதல் அந்த மூன்று மாத அனுமதி மட்டும் கிடைக்கிறது. நிரந்தர அனுமதிக்கான வழி இல்லை. மாப்பிள்ளையின் விசா எது என்று ஏன் அழுத்திக் கேட்கச் சொல்கிறோம் என்பது இப்போது புரியும்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா

பையன்களைப் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த நாடுகளைப் பற்றியவை. பிரிட்டனில் உள்ளதுபோல் இங்கே இரண்டு வழிகள் சமமாக இல்லை.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் பையன், அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சகத்தின் முன் அனுமதி பெற வேண்டும். பெர்மிட் முடிந்து ஊருக்கு வந்துவிட்டவருக்கும் அது பொருந்தும். நிகாஹை இங்கே வந்து செய்தாலும் பொருந்தும். "வேலைக்குப் போகட்டும், அங்கேயே ஒரு சம்பந்தம் பார்த்துக்கொள்வோம்" என்று திட்டமிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அனுமதியில்லாமல் செய்தால் நிகாஹ் நிகாஹ்தான். ஆனால் சிங்கப்பூருக்குள் மீண்டும் போய் வேலை பார்க்க முடியாமல் போகலாம். மனைவியை இங்கிருந்து அழைத்துப் போவதென்றால், எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸில் மாதம் 6,000 சிங்கப்பூர் டாலராவது சம்பளம் இருக்க வேண்டும். அப்படிப் போகும் மனைவி 2021 மே முதல் அந்தப் பாஸை வைத்து வேலை பார்க்க முடியாது. தனக்கென்று தனி வேலைப் பாஸ் வாங்க வேண்டும்.

மலேசியாவில் தற்காலிக வேலை பெர்மிட்டில் உள்ள தொழிலாளர் அங்கே திருமணம் செய்ய அனுமதியில்லை, குடும்பத்தை அழைக்கவும் அனுமதியில்லை.

வளைகுடா நாடுகளில் நம்மவர்களுக்கு இருப்பது வேலை வழி மட்டுமே. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக்கூட நிரந்தர வாசம் கிடையாது. மனைவி போவது கணவனின் சம்பளத்தைப் பொறுத்தது. அமீரகத்தில் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். சவூதியில் 2017 ஜூலையில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம், ஆண்டுக்கு நூறாக ஏறி 2020இல் 400 ரியால் ஆயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200. அதைக் கட்ட முடியாமல் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருப்பவர்கள் நம் உறவுகளிலும் இருக்கிறார்கள். வளைகுடா மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பதென்றால், பெண் இங்கே இருந்து குடும்பம் நடத்தப் போகிறாள் என்றே எடுத்துக்கொண்டு, அதற்கு அவள் சம்மதமா என்று கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர் வேலைக்குப் போவதாயிருந்தால், வளைகுடா, மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்குக் குடிப்பெயர்வு அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு வாங்கக் கூடாது என்பது சட்டம். விசிட் விசாவில் போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

காசுக்காக வெளிநாட்டாருக்குப் பெண் கொடுத்த ஒரு சம்பவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1991இல் ஹைதராபாத்திலிருந்து டெல்லி சென்ற விமானத்தில் ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்ததை விமானப் பணிப்பெண் கவனித்துக் கேட்டார். பத்து வயதுப் பிள்ளை. அருகில் இருந்த அறுபது வயது சவூதிக்காரர் கணவர் என்றார்கள். நாடே பேசிய வழக்கு அது. அந்தப் பிள்ளையின் வீட்டிலும் 'வெளிநாட்டுச் சம்பந்தம்' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பேப்பர் நிகாஹ்

சில இளைஞர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள். "அங்கே குடியுரிமை உள்ள ஒரு பெண்ணைப் பேப்பருக்கு மட்டும் நிகாஹ் செய்து, விசா கிடைத்ததும் பிரிந்துவிட்டால் என்ன?" கேட்பவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். வேலை விசாவுக்கு வாசல் குறுகக் குறுக இப்படி யோசனை சொல்கிறவர்கள் பெருகுகிறார்கள்.

நம் ஷரீஅத்தில் பேப்பருக்கு மட்டும் என்று ஒரு நிகாஹ் இல்லை. ஈஜாபும் கபூலும் சாட்சிகளுக்கு முன் நடந்தால் அது நிகாஹ். மஹர் கடமை, செலவுக்குக் கொடுப்பது கடமை, இத்தா உண்டு, வாரிசுரிமை உண்டு. விளையாட்டாகச் சொன்னாலும் உண்மையாகிவிடும் என்று ஹதீஸில் எச்சரிக்கப்பட்டவற்றில் நிகாஹும் தலாக்கும் இருக்கின்றன. சிலர் இதற்காக ஊரில் உள்ள மனைவியைப் 'பேப்பரில் மட்டும்' தலாக் சொல்லப் பார்க்கிறார்கள். அந்த வார்த்தை பேப்பரோடு நிற்காது. காலம் குறித்துச் செய்யும் நிகாஹ் நம் நான்கு மத்ஹபுகளிலும் ஹராம். காலத்தை வாயால் சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டால் என்ன என்று மஸ்அலா பேசுகிறவர்கள், நிய்யத் பற்றிய ஹதீஸை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ் அது. நிய்யத்துக்கு அதில் சொல்லப்படும் உதாரணமே நாடு விட்டுப் போவதும், ஒரு பெண்ணை மணப்பதும்தான்.

உலகச் சட்டமும் விடுவதில்லை. அமெரிக்காவில் 1986 முதல், புதிதாகத் திருமணமாகிப் போனவருக்கு இரண்டாண்டு நிபந்தனையோடுதான் கிரீன் கார்டு. பிறகு இருவரும் உண்மையில் குடும்பம் நடத்தியதை நிரூபிக்க வேண்டும். பொய்த் திருமணத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம் உண்டு. அப்படிப் பிடிபட்டவர் பிற்காலத்தில் உண்மையாகவே மணந்தாலும், நல்ல வேலையே கிடைத்தாலும் குடியேற்றம் மறுக்கப்படும். பிரிட்டனில் திருமண அறிவிப்பு கொடுத்தவர்கள் மீது சந்தேகம் வந்தால், 28 நாள் காத்திருப்பை 70 நாளாக நீட்டி விசாரிக்கிறார்கள். அந்த விசாரணையில் கணவன் எந்தப் பக்கம் படுப்பான் என்பது வரை கேட்பார்கள்.

நிகாஹுக்கு முன் செய்ய வேண்டியவை

வெளிநாட்டு வரன் என்றால் முதலில் மாப்பிள்ளைக்கு முந்தைய திருமணம் உண்டா என்று விசாரியுங்கள். "தலாக் சொல்லியாயிற்று" என்பதோடு விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் சொல்லப்பட்ட தலாக் அந்த நாட்டுச் சட்டப்படி விவாகரத்தாகாது. முதல் திருமணம் அங்கே சட்டப்படி பதிவானதாக இருந்தால், நீதிமன்ற ஆணை இல்லாதவரை அவர் அங்கே மணமானவர்தான். நம் பெண்ணுக்கு மனைவி என்ற முறையில் விசா கிடைக்காது.

நிகாஹை அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் பள்ளிவாசலில் நிகாஹ் மட்டும் ஓதி, சட்டப்படி பதிவு செய்யாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை. 2020இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், நான்கு பிள்ளைகள் பெற்ற ஒரு தம்பதியின் வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளித்தது. இங்கே நம் ஜமாஅத்தில் முறைப்படி நடந்த நிகாஹை அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். அதனால் இங்கே செய்து, தஃப்தரில் எழுதியதோடு நிற்காமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட வேண்டும். 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் கட்டாயம். நிகாஹ் நடந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். மாப்பிள்ளை மூன்று வார லீவில் வந்து போகிறவர். அவர் ஊரில் இருக்கும்போதே பதிவை முடித்துவிடுங்கள். தஃப்தரிலும் பாஸ்போர்ட்டிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 'முஹம்மது', மற்றொன்றில் 'முகமது' என்று இருந்து அலைந்தவர்கள் உண்டு.

நிகாஹின்போது நிபந்தனைகளை எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெண் தன் தொழிலைத் தொடரலாம், இத்தனை மாதத்திற்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பாஸ்போர்ட் அவளிடமே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கலாம். நிபந்தனை மீறப்பட்டால் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ளும் உரிமையைக் கணவன் மனைவிக்கு ஒப்படைக்கும் 'தஃப்வீள்' நம் ஹனஃபி மத்ஹபில் செல்லும். இந்திய நீதிமன்றங்களும் ஏற்றிருக்கின்றன. மஜ்லிஸில் இதைப் பேசக் கூச்சமாக இருந்தால், ஜமாஅத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் பேசுவார்.

ஏற்கெனவே நிகாஹ் செய்து கொடுத்து, மாப்பிள்ளை போனை எடுக்காமல் இருக்கும் வீடுகளும் நம்மில் உண்டு. கணவன் இரண்டாண்டு செலவுக்குக் கொடுக்காவிட்டாலோ, நான்காண்டு இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி பெண் நீதிமன்றத்தில் விடுதலை கேட்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரே மூச்சில் முத்தலாக் அனுப்புவது 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட. தூதரகத்தின் உதவி தேவையானால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். தேசிய மகளிர் ஆணையத்திலும் வெளிநாட்டுவாழ் இந்தியர் திருமணப் புகார்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டால், கையில் தொழில் உள்ள பெண் எந்த வழியில் போவதானாலும் ஆங்கிலத் தேர்வையும் கணினித் தேர்வையும் இங்கேயே முடித்துவிட வேண்டும். வரன் கூடிவந்தால் மனைவியாகப் போய் அங்கே நர்ஸாகட்டும். கூடிவராவிட்டால் நர்ஸாகப் போகட்டும். படித்த பெண்ணை "எப்படியும் போகப் போகிறாயே" என்று வேலையை விடச் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். சொந்தத் தொழில் இல்லாத பெண்ணானால், குடிமகனாகவோ நிரந்தர அனுமதி பெற்றவராகவோ உள்ள மாப்பிள்ளையைத் தவிர மற்ற வெளிநாட்டு வரன்களுக்கு அவசரப்பட வேண்டாம் என்போம். இதில் மாற்றுக் கருத்து உள்ள பெரியவர்கள் எங்கள் நிர்வாகக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

விசாக் கட்டணமும் சம்பள வரம்பும் ஆண்டுதோறும் மாறுகின்றன. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நம் அலுவலகத்திற்கு வரலாம். பாஸ்போர்ட் நகல், படிப்புச் சான்று, மாப்பிள்ளை வீட்டார் அல்லது ஏஜென்ட் தந்த காகிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். மலை மேலிருந்து வருகிறவர்கள் முன்பே போன் செய்துவிட்டு வந்தால், கடைசி பஸ்ஸுக்குள் முடித்துக் கொடுக்கிறோம். பெண்ணைப் பற்றிய விஷயமானால் பெண்ணையும் அழைத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்